படகு டீசல் இன்ஜின்: ஆயில் பார்த்தலும் ஊற்றுதலும்

படகில் பொருத்திய சிறு டீசல் இன்ஜினில் மசகு ஆயிலின் அளவையும் நிலையையும் டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றி நிரப்புவது அன்றாட வேலை. ஓட்டுநர் கையில் இருக்கும் பராமரிப்புகளில் இதைவிட மலிவானது இல்லை. தவறவிட்டால் ஆகும் செலவுக்கு அளவும் இல்லை.

காவிரிக் கரையில் இருந்தாலும் நாமக்கல் மாவட்டம் குமாரபாளையத்தில் இந்த வேலையைப் பார்ப்பது அரிது. எதிர்க்கரைப் பவானிக்குப் போகப் பாலம் இருக்கிறது. மீன் பிடிக்கப் பரிசல் போதும். ஊருக்குள் டீசல் இன்ஜின் என்றால் விசைத்தறிக் கூடத்து ஜெனரேட்டரும், சுற்றுவட்டாரக் கிணற்று மேடுகளின் ஆயில் இன்ஜினும்தான் நினைவுக்கு வரும். படகு இன்ஜினைப் பார்க்க ஆற்றோடு மேலே போக வேண்டும். நெருஞ்சிப்பேட்டைக் கதவணை தேக்கிய காவிரி நீரில், சேலம் மாவட்டப் பூலாம்பட்டிக்கும் ஈரோடு மாவட்ட நெருஞ்சிப்பேட்டைக்கும் இடையே விசைப்படகு ஓடுகிறது. ஆட்களோடு இருசக்கர வாகனங்களும் ஏறும். மேட்டூர் அணையிலிருந்து வெள்ளநீரை மிகுதியாகத் திறக்கும் நாட்களில் படகு நிறுத்தப்படும்.

ஜெனரேட்டருக்கும் படகு இன்ஜினுக்கும் ஆயில் பார்க்கும் முறை ஒன்றுதான் என்று சொல்வார்கள். பாதிதான் சரி. ஜெனரேட்டர் சிமென்ட் மேடையில் மட்டமாக உட்கார்ந்திருக்கிறது. படகிலோ விசிறித் தண்டு தண்ணீருக்குள் சரிந்து இறங்குவதால், அதோடு நேராக இணைத்த இன்ஜினும் பின்பக்கம் சாய்ந்தே நிற்கும். அடியிலுள்ள சம்பில் ஆயில் பின்னோக்கித் தேங்கும். கம்பி இறங்கும் துளை முன்பக்கம் இருந்தால் அளவு குறைவாகவும், பின்பக்கம் இருந்தால் கூடுதலாகவும் காட்டும். படகுக்கென்றே செய்த இன்ஜினில் சாய்வைக் கணக்கிட்டே கோடு போட்டிருப்பார்கள். தரை இன்ஜினை மாற்றிப் படகில் ஏற்றும்போது பழைய கோட்டை நம்பக்கூடாது. தயாரிப்பாளர் அந்தச் சாய்வை அனுமதிக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு பழைய ஆயிலை முழுவதும் எடுத்துவிட்டு, புத்தகத்தில் சொன்ன அளவை ஊற்றி, ஆயில் இறங்கிய பின் கம்பியில் நனைந்த இடத்தில் புதுக் கோடு கீற வேண்டும். ஃபில்டரும் மாற்றியிருந்தால், சிறிது நேரம் ஓட்டி அது நிரம்பிய பிறகே கீறுவது முறை.

பயணிகளும் வண்டிகளும் ஏறினால் படகின் சாய்வு மாறும். அதனால் முதல் நடைக்கு முன், வெற்றுப் படகைக் கட்டிப் போட்ட நிலையில் பார்ப்பதே வழக்கமாக இருக்க வேண்டும். ஓடி நின்ற இன்ஜினானால் ஐந்து பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். மேலே ஏறிய ஆயில் சம்புக்கு இறங்க அந்த நேரம் பிடிக்கும். முதலில் உருவியதும் தெரிவதை அளவாகக் கொள்ளக்கூடாது. கம்பியைத் துடைத்து, அடிவரை செருகி, மறுபடி உருவிப் பார்ப்பதே அளவு. துடைக்கப் பனியன் துணி நல்லது. தறிக்கூடங்களில் எளிதாகக் கிடைக்கும் நூல் வேஸ்ட்டைத் தவிர்க்க வேண்டும். கம்பியில் ஒட்டும் நூல் சம்புக்குள் போய் உறிஞ்சு வலையை அடைக்கக்கூடும்.

அளவு எவ்வளவு என்பதோடு ஆயில் எப்படி இருக்கிறது என்பதையும் கம்பி சொல்கிறது. பலர் கோட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கம்பியைச் செருகிவிடுகிறார்கள். டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பது இயல்பு. எரிப்பில் வரும் கரியைச் சுமப்பது அதன் வேலை. பால் காபி நிறத்துக்கு வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆற்று நீரையோ கடல் நீரையோ உறிஞ்சிக் குளிரும் இன்ஜினில் ஹெட் கேஸ்கெட், தண்ணீர் பம்பின் சீல், நீரில் தாழ்ந்த புகைக்குழாய் ஆகிய மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். கடல் நீரானால் உப்பு பேரிங்கை அரிக்கும் என்பதால் ஒரு நாளும் தள்ளிப்போடலாகாது. ஊற்றாமலேயே அளவு ஏறி, ஆயில் நீர்த்து, டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்டரிலோ ஃபீட் பம்பிலோ கசிவு. இந்த இரண்டு நிலையிலும் இன்ஜினை ஓட்டக்கூடாது. மேலே கொஞ்சம் ஊற்றிச் சரிக்கட்டவும் முடியாது.

இரு கோடுகளுக்கு நடுவே ஆயில் நின்றால் ஓட்டலாம். கீழ்க்கோட்டுக்கு வந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சில நிமிடம் விட்டு, மறுபடி பார்க்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டவே கூடாது. தாண்டினால், சுழலும் கிராங்க் ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும்; நுரைத்த ஆயிலுக்கு அழுத்தம் நிற்காது. மிகுந்த ஆயில் பிரீத்தர் வழியாகக் காற்றுப்பாதைக்குள் போனால், டீசலை நிறுத்திய பின்னும் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்து வெறிபிடித்து ஓடலாம். அப்போது காற்றை அடைத்தால்தான் நிற்கும்.

எந்த ஆயில் என்பதற்குத் தயாரிப்பாளரின் புத்தகமே முடிவு. இப்போது பரவலாக ஊற்றுவது டீசல் தரத்து 15டபிள்யூ-40. பழைய ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின்களில் 30 அல்லது 40 என்ற ஒற்றை எண் ஆயிலும் உண்டு. கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில், தனிக் கம்பி. சிலவற்றில் கம்பியைத் திருகாமல் துளையில் வைத்துப் பார்த்தால்தான் அளவு சரியாக இருக்கும்.

ஆயில் மாற்றும் நாளில், சம்பின் வடி திருகுக்குக் கீழே பாத்திரம் வைக்கப் பெரும்பாலான படகுகளில் இடமிருக்காது. இன்ஜினைச் சற்று ஓட்டிச் சூடாக்கி, டிப்ஸ்டிக் துளை வழியாகக் கைப்பம்பால் உறிஞ்சி எடுப்பார்கள். எடுத்த பழைய ஆயில், 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டிய பொருள். படகின் அடியில் தேங்கிய ஆயில் கலந்த நீரையும் ஆற்றில் இறைக்கக்கூடாது. நெருஞ்சிப்பேட்டைக்குக் கீழே குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என இரு கதவணைகளில் தேங்கி வரும் இதே காவிரி நீரைத்தான் குமாரபாளையம் குடிக்கிறது.