சுண்ணாம்பும் சிமெண்டும்: புதுக்கோட்டைக் கட்டடப் பழுதுபார்ப்பு வரலாறு

கட்டடம் நெடுநாள் நிற்பதற்குக் கட்டிய பொருள் மட்டுமன்றி, பழுதுபார்க்கத் தேர்ந்த பொருளும் காரணமாகும். புதுக்கோட்டை மாவட்டக் கட்டடங்கள் இதற்குச் சான்றாக உள்ளன.

சுண்ணாம்புக் காலம்

சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் ஓவியங்கள் பாறைமீது பூசிய சுண்ணாம்புக் காரையில் தீட்டப்பட்டவை. மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இதன் அர்த்த மண்டபத்தைப் புதுப்பித்து, முகமண்டபம் எடுத்ததை 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டு கூறுகிறது. பிற்காலத்தில் இராயவரம், கோனாப்பட்டு போன்ற ஊர்களின் நகரத்தார் வீடுகளும் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டன. செட்டிநாட்டுப் பூச்சில் கடுக்காய் நீர், வெல்லம், முட்டை வெண்கரு சேர்ப்பது வழக்கம்.

சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 பாகை செல்சியசில் சுட்டு, நீரூற்றி நீற்றினால் சுண்ணாம்பு கிடைக்கும். இது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல இறுகும். இறுகிய பின்னும் நுண்துளைகள் வழியே சுவரின் ஈரம் வெளியேறும்.

சிமெண்டின் வரவு

1824இல் இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் 1904இல் சென்னையில் முதல் முயற்சி நடந்தது. 1914இல் போர்பந்தரில் உற்பத்தி வேரூன்றியது. சிமெண்ட் விரைவில் இறுகும், வலிமையும் மிகுதி. எனவே பழைய சுவர்களின் விரிசல்களையும் அதனாலேயே அடைக்கத் தொடங்கினர்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. அடர்ந்த சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். ஈரத்தோடு வரும் உப்பு செங்கல்லையும் பழைய காரையையும் அரிக்கும். பூச்சு உறுதியாக நிற்க, உள்ளிருக்கும் சுவர் பொடியும். ஆகவே சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பொருந்தும்.

கான்கிரீட்டைச் செப்பனிடல்

கான்கிரீட்டில் கம்பி துருப்பிடித்தால் பருத்து, மேலுறையைப் பிளக்கும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றிலுள்ள உப்பு இதை விரைவுபடுத்தும். அங்கே சாம்பல் கலந்த பொசலானா சிமெண்டோ, இரும்பு உலைக் கசடு கலந்த சிமெண்டோ உப்பு ஊடுருவலை நன்கு தடுக்கும். ஆனால் கூடுதல் நாள் நீராற்ற வேண்டும். சல்பேட் தாங்கும் சிமெண்ட் சல்பேட் மிகுந்த மண்ணுக்கு உரியது. கடல் உப்பிலிருந்து கம்பியைக் காக்க அது ஏற்றதன்று.

எந்தச் சிமெண்டானாலும், தளர்ந்த கான்கிரீட்டை வெட்டியெடுத்து, கம்பியின் துருவை முற்றும் நீக்கிய பின்னரே பூச வேண்டும். துருவை மூடிப் பூசிய ஒட்டு நிலைக்காது.