தெட்சணாமூர்த்தியின் தவிலும் நமது சமுதாயமும்

இசை வரலாறு எழுதுவோர் பாடியவரையும் குழலூதியவரையும் முன்னிறுத்தி, தாளத்தைத் தாங்கியவரை ஓரிரு வரிகளிற் கடந்து செல்வது நெடுநாளைய வழக்கம். நாதஸ்வர வித்துவானின் பெயராலேயே கச்சேரி அறிவிக்கப்படும். அவரருகே நின்று, கனத்த கருவியைத் தோளிற் சுமந்து, இரவெல்லாம் முழக்கியவர் 'தவில்' என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுவார். இவ்வழக்கத்தைத் தம் கைத்திறனால் தகர்த்தவர் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி.

அவரை உருவாக்கிய சூழலை முதலில் நோக்குதல் வேண்டும். குடாநாட்டின் வடகரையில் நகுலேஸ்வரத்தையும் கடலோர நன்னீர்க் கேணியையும் உடையது கீரிமலை. அதற்கு அண்மையில் மாவிட்டபுரம். தெற்கே சில மைல் தொலைவில் அளவெட்டி. அதற்கும் அப்பால் இணுவில். மாவிட்டபுரக் கந்தசுவாமி கோயிற் பெருவிழாவின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் கீரிமலையில் நிகழ்வது மரபு. சுவாமி புறப்படும் வேளைதோறும் மேளம் முன்னே செல்லும். புகையிலை வாணிபத்திலும் மலாயா உத்தியோகத்திலும் ஈட்டிய பணத்தின் ஒரு பகுதி இவ்வாறான திருவிழாக்களிற் செலவாயிற்று. தமிழகத்துப் பெரும் வித்துவான்களை வரவழைத்து, உள்ளூர்க் கலைஞரோடு விடிய விடியச் 'சமா' நடத்துவதில் ஊருக்கு ஊர் போட்டியிருந்தது. பக்தியும் ஊர்ப்பெருமையும் கலந்த இப்போட்டியே தவிற்கலை செழிக்க நிலமாயிற்று.

இணுவிலில் 1933ஆம் ஆண்டு, தவிற்கலைஞர் விஸ்வலிங்கத்தின் மைந்தராகப் பிறந்தவர் தெட்சணாமூர்த்தி. பிள்ளைப் பருவத்திலேயே கருவியைக் கையிலெடுத்த அவர், பின்னர் அளவெட்டியை வாழிடமாகக் கொண்டார். அவ்வூரின் நாதஸ்வர மேதை என்.கே. பத்மநாதனோடு அவர் வாசித்தார். கடல் கடந்து சென்று நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன், ஷேக் சின்ன மௌலானா முதலியோருக்கும் வாசித்தார். சைவக் கோயில் மரபில் வளர்ந்த தவிலும், இஸ்லாமியர் ஒருவரின் நாதஸ்வரமும் ஒரே தாளத்தில் இணைந்தமை, கலைக்குச் சமய எல்லை இல்லை என்பதற்குத் தக்க சான்றாகும். தஞ்சை மண்ணே ஈழத்துக் கலைஞர் ஒருவரைத் தன் முதல்வரிசையில் ஏற்றுக்கொண்டது.

அவரது வாசிப்பின் சிறப்பு யாது? பலாமரத்தாற் செய்த தவிலின் வலந்தலையை, கூடு அணிந்த விரல்கள் முழக்கும். இடந்தலையைக் கழி தாக்கும். ஒன்று கூர்மையான ஒலி. மற்றது ஆழ்ந்த ஒலி. வேகம் கூடும்போது இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதி வெறும் இரைச்சலாவது எளிது. தெட்சணாமூர்த்தியின் கையிலோ, மிகுந்த வேகத்திலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே தெளிவாக ஒலித்தது. திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்னும் ஐந்து நடைகளிலும் கடினமான கணக்குகளை விரித்துச் சென்று, கேட்போர் எதிர்பாராத இடத்தில் தாளத்தின் தொடக்கத்தை வந்தடைவார். ஆயினும் கணக்கு அவருக்கு இசையின் ஏவலாளாகவே இருந்தது. ஆலாபனையின் இடைவெளிகளில் அடக்கமாக ஒலித்து ராகத்துக்கு வழிவிடும் தவில், தனி ஆவர்த்தனத்தில் தானே பேசத் தொடங்கும். ஓங்கி ஒலிக்கும் கருவியிடமிருந்து இனிமையை வருவித்தமையே அவரது பெரும் சாதனை எனலாம்.

இத்தகைய மாற்றம் வேறு மண்ணிலும் நிகழ்ந்ததுண்டு. அமெரிக்கக் கறுப்பின உழைப்பாளர் துயரத்திற் பிறந்த 'புளூஸ்' இசையில், ஆழ்சுருதி வாசிக்கும் பேஸ் கலைஞர் பின்வரிசையிலேயே நின்றார். சிக்காகோவின் வில்லி டிக்சன் அத்தகையவர். அவர் இயற்றிய பாடல்களாற் பிறர் புகழ் பெற்றனர். அப்பாடல்களுள் ஒன்றையும் எடுத்தாண்ட 'கிரீம்' குழுவில், 1966 முதல் 1968 வரை, ஸ்கொட்லாந்தியரான ஜாக் புரூஸ் பேஸ் கித்தாரை முன்வரிசைக் குரலாக்கினார். அடித்தளத்தைத் தாங்குபவனும் சிந்திப்பவனே என்பதை, ஏறக்குறைய அதே காலத்தில், தவிலும் பேஸும் தத்தம் மொழியில் உணர்த்தின.

ஆனால், கலைக்குக் கிடைத்த முன்வரிசை கலைஞனுக்குக் கிடைத்ததா? மேளத்தை மெய்ம்மறந்து கேட்ட அதே சமுதாயம், மேளம் வாசித்தோரைச் சாதிப்படியில் தனக்குக் கீழேயே நிறுத்தியது. மேடையில் 'வித்துவான்', வீதியில் 'மேளக்காரன்'. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னும், 1968இல் மாவிட்டபுரக் கோயில் வாயிலில், ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே நுழையும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. தவிலின் நாதம் எவ்வித தடையுமின்றிக் கடந்த மதில்களை மனிதர் கடக்க இயலவில்லை. தெட்சணாமூர்த்தியின் புகழ் உச்சத்தில் இருந்த காலம் இதுவே என்பதை நாம் மறத்தலாகாது.

1975இல், நாற்பத்திரண்டு வயதும் நிறையாத நிலையில், அவர் மறைந்தார். 1990இல் போர் கீரிமலையையும் மாவிட்டபுரத்தையும் சூழ, மக்கள் வீடுவாசல் துறந்து வெளியேறினர். விழா வீதிகள் நெடுங்காலம் வெறிச்சோடின. கலையைப் போற்றி வளர்த்த ஊர்களே சிதறியபோது, கலைஞர் குடும்பங்களும் சிதறின. 2015இல் அம்ஷன் குமார் உருவாக்கிய ஆவணப்படம் அவரது நினைவை மீட்டுத் தந்தமை போற்றற்குரியது.

எனினும் ஒரு படத்தோடு நமது கடமை முடிந்துவிடாது. எஞ்சியுள்ள ஒலிப்பதிவுகளைத் திரட்டுதல் வேண்டும்; மூத்த கலைஞரின் நினைவுகளை எழுத்திற் பதித்தல் வேண்டும்; தவில் பயில விரும்பும் எக்குலத்துப் பிள்ளைக்கும் பயிற்சியின் வாயில் திறந்திருத்தல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, கலைஞனுக்குக் கச்சேரி முடிந்த பின்னும் சமமான மதிப்பை அளிக்கும் சமுதாயமாக நாம் மாறுதல் வேண்டும்.