ஜீப்: போருக்காகப் பிறந்து பட்டறையில் வாழும் வண்டி

கொழுக்குமலை இருப்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில். ஆனால் வண்டியில் அங்கே போக வேண்டுமென்றால் கேரளத்தின் சூரியநெல்லிக்குப் போய், அங்கிருந்து ஜீப் பிடிக்க வேண்டும். கல்லும் பள்ளமுமான அந்தப் பாதையில் சாதாரணக் கார் ஏறாது. அங்கே ஓடும் ஜீப்புகளின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், 1940-இல் அமெரிக்காவில் ஒரு சின்னக் கார் கம்பெனி அவசர அவசரமாகச் செய்து முடித்த ஒரு வண்டியில் போய் நிற்கும். எண்பது ஆண்டுகள் கடந்தும் அந்த வடிவம் சாகவில்லை. அதைப் பிழைக்க வைத்ததில் கம்பெனிகளுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதைவிடப் பெரிய பங்கு வாங்கியவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் உண்டு.

49 நாள் கெடு

1940 கோடையில் ஐரோப்பா போரில் எரிந்து கொண்டிருந்தது. தனக்கும் போர் வரும் என்று அமெரிக்க ராணுவத்துக்குத் தெரிந்திருந்தது. குதிரைக்கும் பக்கவண்டி வைத்த மோட்டார் சைக்கிளுக்கும் பதிலாக, நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு சிறிய வண்டி அதற்குத் தேவைப்பட்டது. 135 கம்பெனிகளுக்கு அழைப்பு போனது. நிபந்தனையோ கடுமையானது: 49 நாளில் மாதிரி வண்டி வந்து நிற்க வேண்டும். அக்கறையோடு பதில் சொன்னவை இரண்டே கம்பெனிகள். ஒன்று பென்சில்வேனியாவின் பட்லர் ஊரில் இருந்த அமெரிக்கன் பாண்டம். மற்றொன்று ஒஹாயோவின் டொலிடோ நகரில் இருந்த வில்லிஸ் ஓவர்லேண்ட்.

பாண்டம் அப்போது நொடித்துப் போகும் நிலையில் இருந்தது. டெட்ராய்ட்டிலிருந்து கார்ல் ப்ரோப்ஸ்ட் என்ற பொறியாளரை அழைத்து வந்தார்கள். அவர் இரண்டே நாளில் வரைபடத்தைப் போட்டு முடித்தார். 1940 செப்டம்பர் 23 அன்று, கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, மேரிலாந்தின் ஹோலபேர்ட் ராணுவ முகாமுக்குள் அந்த வண்டி நுழைந்தது!

ஆனால் பாண்டத்துக்குக் கிடைத்த பலன் குறைவு. இவ்வளவு சின்னக் கம்பெனியால் ஆயிரக்கணக்கில் வண்டி தர முடியாது என்று ராணுவம் நினைத்தது. பாண்டத்தின் வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. இரண்டும் தங்கள் மாதிரிகளைக் கொண்டு வந்தன. வில்லிஸின் பலம் அதன் என்ஜின். பார்னி ரூஸ் என்ற பொறியாளர் மெருகேற்றிய அந்த 2.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின் 60 குதிரைத்திறன் தந்தது. ஆனால் வண்டியின் எடை கூடுதல். என்ஜினை மாற்ற ரூஸுக்கு மனமில்லை. ஆகவே வண்டியையே பிரித்துப் போட்டு, போல்ட்டுகளின் நீளம் வரைக்கும் குறைத்து எடையைக் கட்டுக்குள் கொண்டு வந்தார். 1941 ஜூலையில் ஒப்பந்தம் வில்லிஸுக்குப் போனது. பிறகு ஃபோர்டும் அதே வடிவத்தில் வண்டி செய்தது. போர் முடிவதற்குள் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து செய்தவை 6 லட்சத்துக்கும் அதிகம். பாண்டம் செய்தது 3,000 கூட இல்லை. அது கடைசியில் ஜீப்புக்குப் பின்னால் மாட்டும் டிரெய்லர் செய்து காலம் தள்ளியது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். வில்லிஸ் வண்டியின் பாகம் ஃபோர்டு வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் விதி. குண்டு பட்டு விழுந்த இரண்டு வண்டிகளைப் பிரித்து, ஓடுகிற ஒரு வண்டியாக்கலாம். ஜீப்பின் நீண்ட ஆயுளுக்கு விதை அங்கேதான் விழுந்தது.

அது ஏறுவது எப்படி?

ஜீப்பில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி உண்டு. அதற்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று பெயர். என்ஜினின் விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. கூடவே ஒரு 'லோ' கியரும் அதில் இருக்கிறது. அதைப் போட்டால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும், இழுவை இரண்டு மடங்காகும். நடக்கிற வேகத்தில், என்ஜின் திணறாமல் மேடு ஏறும் ரகசியம் இதுதான்.

ஆனால் இதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும். முன்னும் பின்னும் பூட்டிக் கிடந்தால் அதற்கு வழியில்லை. சேற்றிலும் மணலிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரி செய்துவிடும். தார்ச்சாலையில் வழுக்க முடியாது. அந்த இறுக்கம் முழுவதும் கியர் பற்களிலும் ஜாயிண்ட்டுகளிலும் ஏறும். அதனால்தான் பழைய ஓட்டுநர்கள் காட்டுப் பாதை முடிந்தவுடன் முன் அச்சை விடுவித்துவிட்டே தார்ச்சாலையில் ஏறுவார்கள்.

போர் முடிந்து வயலுக்கு

1945-இல் வில்லிஸ் பொதுமக்களுக்காக ஒரு ஜீப்பை வெளியிட்டது. பின்பக்கம் திறக்கும் கதவு, மற்ற இயந்திரங்களை ஓட்ட என்ஜின் விசையை வெளியே எடுக்கும் வசதி எல்லாம் அதில் இருந்தன. உழவும் சுமக்கவும் சந்தைக்குப் போகவும் ஒரே வண்டி என்று விவசாயிகளிடம் விளம்பரம் செய்தார்கள்.

மற்ற நாடுகளும் சும்மா இருக்கவில்லை. பிலிப்பைன்ஸில் அமெரிக்கப் படை விட்டுச் சென்ற ஜீப்புகளை நீட்டி, கூரை போட்டு, வண்ணம் பூசி 'ஜீப்னி' என்ற பயணிகள் வண்டியாக்கினார்கள். பிரிட்டனில் ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் ஒரு பழைய ஜீப்பை ஓட்டிக் கொண்டிருந்தார். அதைப் பார்த்துப் பிறந்த லேண்ட் ரோவர், 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. இரும்புக்குத் தட்டுப்பாடு இருந்ததால் அதன் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள்.

இந்தியாவும் 155 ஜீப்புகளும்

இந்தியாவில் ஜீப்பின் கதை மகிந்திராவோடு சேர்ந்தது. 1945-இல் மகிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து 'மகிந்திரா அண்ட் முகமது' என்ற பெயரில் தொழில் தொடங்கினார்கள். பிரிவினைக்குப் பின் குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். கம்பெனியின் பெயர் 1948-இல் 'மகிந்திரா அண்ட் மகிந்திரா' ஆனது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கிவிட்டார்கள்.

அதே 1948-இல்தான் சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் புகார் என்று சொல்லப்படும் ஜீப் விவகாரமும் தொடங்கியது. காஷ்மீர்ப் போருக்கு அவசரமாக ஜீப் தேவைப்பட்டது. லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், புதுப்பித்த பழைய ஜீப்புகள் 2,000 வாங்க ஒப்பந்தம் செய்தார். அதன் மதிப்பு சுமார் 80 லட்சம் ரூபாய். வந்து சேர்ந்தவை 155. அவையும் ஓட்டத் தகுதியில்லை என்று ராணுவம் சொன்னது. நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகள் புயல் வீசியது. 1955-இல் அரசு அந்த விவகாரத்தை முடித்து வைத்தது. 'புதுப்பித்தது' என்ற ஒரு சொல்லை நம்பிப் பழைய வண்டி வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டியதில்லை!

பட்டறைகளின் காலம்

அமெரிக்காவில் மாடல்கள் மாறிக்கொண்டே போக, இந்தியாவில் 1953-இல் வந்த உயர்ந்த பானெட் ஜீப் பல பத்தாண்டுகள் அதே முகத்தோடு ஓடியது. காவல்துறை, வனத்துறை, தோட்டங்கள், தேர்தல் பிரசாரம் என்று ஜீப் இல்லாத இடமில்லை. பெட்ரோல் விலை ஏறியபோது உரிமையாளர்கள் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு டீசல் என்ஜினை ஏற்றினார்கள். கம்பெனியே 1980-களில் பிரான்சின் பெஜோ உரிமத்தில் செய்த டீசல் என்ஜினோடு ஜீப் விற்றது.

இதைச் சுற்றி ஒரு தொழிலே வளர்ந்தது. ராணுவம் ஏலத்தில் கழித்த ஜீப்புகளையும், ஜபல்பூரில் செய்த ஜோங்கா வண்டிகளையும் வாங்கிப் பிரித்து விற்றார்கள். ஹரியானாவின் மண்டி டப்வாலி, பழைய பாகங்களிலிருந்து திறந்த ஜீப் கட்டித் தருவதற்கே பெயர் போன ஊர். சென்னையில் பழைய பாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டைக்குப் போக வேண்டும் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும்.

ஜீப் வைத்திருப்பவருக்கு வேலை ஓயாது. ஸ்டீயரிங் மூட்டுகளுக்கும் ஜாயிண்ட் கிராஸுகளுக்கும் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். பட்டை ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் யு போல்ட்டுகளை அவ்வப்போது முடுக்க வேண்டும். ஆற்றில் இறங்கி ஏறினால் அச்சு ஹவுசிங்கின் ஆயிலைப் பார்க்க வேண்டும். அது பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று பொருள். பிரேக் டிரம்மில் சேறு அடைத்துக் கிடந்தால் இறக்கத்தில்தான் தெரியும். அப்போது தெரிந்து பயனில்லை.

மாற்றங்களுக்கும் விலை உண்டு. பெரிய டயர் மாட்டினால் வண்டி உயரும், ஆனால் இழுவை குறையும். பிரேக்குக்கு வேலை கூடும். ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாறையில் அடி இடிக்காது. ஆனால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி ஜாயிண்ட் சீக்கிரம் தேயும், வளைவில் கவிழும் அபாயமும் கூடும்.

சட்டம் குறுக்கே வந்தது

இங்கேதான் கேள்வி எழுகிறது: வாங்கிய வண்டியை மாற்ற உரிமையாளருக்கு எவ்வளவு உரிமை? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைப் பற்றியதுதான். 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. வண்ணம் மாற்றலாம். அதே வகை என்ஜினைக்கூட அனுமதி பெற்றுத்தான் மாற்ற வேண்டும்.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. அச்சைத் தவறாக வெல்டிங் வைத்த வண்டி, எதிரே வருபவரின் உயிருக்கும் உலை வைக்கும். முன்னால் மாட்டும் கனத்த இரும்புச் சட்டம் நடந்து போகிறவரை நசுக்கும். ஆனால் மறுபக்கமும் உண்டு. புது என்ஜின் கிடைக்காத பழைய ஜீப்பை, வேறு என்ஜின் வைத்தாவது ஓட்டுகிற மலைவாசிக்கு அது அழகுக்கான விளையாட்டு இல்லை. அரிசி மூட்டையும் பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணும் போகிற வழி. சாலைக்காக எழுதிய சட்டம் சாலையே இல்லாத ஊரை எப்படிப் பார்ப்பது என்பது இன்னும் தீராத கேள்வி.

முகத்துக்கு ஒரு வழக்கு

கடைசியாக ஒரு வேடிக்கை. 2018-இல் மகிந்திரா பழைய ஜீப் வடிவில் ராக்ஸர் என்ற வண்டியை அமெரிக்காவிலேயே பூட்டி விற்றது. சாலைக்கு அல்ல, வயலுக்கும் காட்டுக்கும் மட்டும். உடனே அன்றைக்கு ஜீப் பெயரை வைத்திருந்த ஃபியட் கிரைஸ்லர் வழக்குப் போட்டது. 2020-இல் அந்த வடிவத்துக்குத் தடை வந்தது. முகத்தை மாற்றிய பிறகுதான் ராக்ஸர் மீண்டும் கடைக்கு வந்தது.

பாண்டம் வரைந்ததை வில்லிஸும் ஃபோர்டும் எடுத்துக்கொண்டன. வில்லிஸிடமிருந்து இந்தியா கற்றது. இந்தியா அதைத் திருப்பிக் கொண்டு போனபோது 'இது எங்கள் முகம்' என்றார்கள். முகம் யாருக்குச் சொந்தம் என்று நீதிமன்றம் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வண்டியை இத்தனை காலம் ஓட வைத்த கைகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஸ்பானரும் கிரீஸுமாகப் பட்டறையில் வேலை கற்ற அந்தத் தலைமுறை ஓய்வு பெற்றால், மிஞ்சி நிற்கும் ஜீப்புகளும் காயலான் கடைக்குத்தான் போகும். அதற்கு முன்னால் அவர்களிடம் தொழிலைக் கற்றுக்கொள்ள நாலு பேராவது வேண்டும்.