மரம் இல்லாத மரம்: காருக்குள் ஒட்டும் வினைல் தாளின் கதை

ஸ்டிக்கர் கடைகளில் சுருள் சுருளாக வைத்து மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கிறார்களே, தேக்கு நிறத்தில், கார்பன் ஃபைபர் கட்டம் போட்டு, தேய்த்த அலுமினியம் மாதிரி... அந்தத் தாளை வாங்கி வந்து காரின் டேஷ்போர்டிலும் கதவுப் பட்டிகளிலும் தாங்களே ஒட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர். ஒரு கட்டர் பிளேடு, ஒரு ஹேர் டிரையர், காலாவதியான ஏடிஎம் அட்டை ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவ்வளவு இருந்தால் போதும், பத்து வருடப் பழைய காரின் உட்புறம் பளபளவென்று ஆகிவிடும். இதில் எழுத என்ன வரலாறு இருக்கிறது என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது. அதில் ஒரு பகுதி அவ்வளவு இனிமையானதும் அல்ல.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. பிளாஸ்டிக் டேஷ்போர்டில் ஏன் மரத்தின் படத்தை ஒட்ட வேண்டும்?

ஏனென்றால் கார் என்பது ஆரம்பத்தில் தச்சர் செய்த வண்டிதான். குதிரை வண்டி கட்டியவர்களே காருக்கும் கூடு கட்டினார்கள். 'டேஷ்போர்டு' என்ற சொல்லே குதிரை வண்டியிலிருந்து வந்தது. குதிரையின் குளம்பிலிருந்து தெறிக்கும் சேறு வண்டிக்காரர் மேல் படாமல் இருக்க முன்னால் வைத்த பலகைக்கு அந்தப் பெயர். குதிரை போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அமெரிக்காவில் மரக் கார்களின் பொற்காலம் என்றால் ஸ்டேஷன் வேகன்களைத்தான் சொல்ல வேண்டும். 1920களில் ஹென்றி ஃபோர்டு மிச்சிகன் மாநிலத்தின் வடக்கே மூன்று லட்சம் ஏக்கருக்கும் மேல் காடு வாங்கிப்போட்டார். அயர்ன் மவுண்டன் என்ற ஊரில் மர அறுவை ஆலை வைத்தார். 1929-ல் மாடல் ஏ ஸ்டேஷன் வேகன் வந்தபோது அதன் உடம்பு முழுக்க மரம். (அறுத்தது போக மிஞ்சிய மரத்தூளையும் துண்டுகளையும் விடவில்லை மனிதர், அதைக் கரிக்கட்டியாக்கி விற்றார். அமெரிக்கர்கள் இன்றும் இறைச்சி சுடப் பயன்படுத்தும் கிங்ஸ்ஃபோர்டு கரி அங்கிருந்து வந்ததுதான்.)

பார்க்க அழகு. ஆனால் வைத்துக்கொள்வது பெரும்பாடு. வெயிலிலும் மழையிலும் நிற்கும் மரத்துக்கு அடிக்கடி வார்னிஷ் அடிக்க வேண்டும். மூட்டுகள் தளர்ந்து கிறீச்சிடும். தண்ணீர் தங்கிய இடம் உளுத்துப்போகும். செய்யும் தொழிற்சாலைக்கும் தலைவலி, ஏனென்றால் எஃகுத் தகட்டை ஒரே அழுத்தில் கதவாக்கிவிடலாம், மரக் கதவை ஒவ்வொன்றாக இழைத்துப் பூட்ட வேண்டும். 1946-ல் ஜீப் வேகனும் 1949-ல் பிளைமவுத் சபர்பனும் முழு எஃகில் வந்த பிறகு மரத்தின் நாட்கள் எண்ணப்பட்டன.

இங்கேதான் நம் கதாநாயகன் நுழைகிறான். எஃகின் மேல் மரத்தின் படம்!

இது திடீரென்று முளைத்த யோசனை அல்ல. 1930களிலேயே அமெரிக்கக் கார்களின் எஃகு டேஷ்போர்டில் மர ரேகையை அச்சுப் போலப் பதித்து மேலே வார்னிஷ் அடித்தார்கள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் வால்நட் மரம் என்று சத்தியம் செய்யலாம். 1940களின் பிற்பகுதியில் கிரைஸ்லர் தன் டவுன் அண்ட் கன்ட்ரி கார்களில், சட்டத்தை உண்மையான ஆஷ் மரத்தில் வைத்துக்கொண்டு, நடுவில் இருந்த மகோகனிப் பலகைக்குப் பதில் டை-நாக் என்ற அச்சிட்ட மென்தாளை ஒட்ட ஆரம்பித்தது. கிளீவ்லாந்து நகரத்து நிறுவனம் ஒன்றின் சரக்கு அது. மரத்தைப் படம் பிடித்து அதன் ரேகையை மெல்லிய தாளில் அச்சிட்டுவிடுவது. பின்னாளில் 3எம் நிறுவனத்தின் கைக்குப் போனது.

ஃபோர்டின் கன்ட்ரி ஸ்கொயர் காரின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 1950, 1951 என்று இரண்டே ஆண்டுகள் அது உண்மையான மரத்தோடு வந்தது. 1952-லிருந்து பக்கவாட்டில் மரத்தாள். கடைசி கன்ட்ரி ஸ்கொயர் வெளிவந்தது 1991-ல். அசல் இரண்டு வருடம், நகல் நாற்பது வருடம்! அந்தக் காரை இன்று நினைவுகூரும் அமெரிக்கர்கள் பலருக்கு நினைவில் இருப்பது மரம் அல்ல, மரத் தாள்தான். நகலே அசலாகிவிட்டது என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

சரி, தாள் எதனால் ஆனது? ஆரம்பத்தில் நைட்ரோசெல்லுலோஸ் போன்ற பூச்சுகள். நம் ஊரில் பழைய சோபாவுக்கும் பஸ் சீட்டுக்கும் சொல்வோமே 'ரெக்சின்', அது இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் தயாரான ஒரு சரக்கின் வியாபாரப் பெயர். துணியின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசி, தோல் மாதிரி அழுத்தி எடுத்தது. இன்று நாம் ரெக்சின் என்று சொல்லி வாங்குவது பெரும்பாலும் பிவிசி. பெயர் மட்டும் பழசு, டேஷ்போர்டு மாதிரியே.

பிவிசியின் கதை வேடிக்கையானது. 1835-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ரெனோ, 1872-ல் ஜெர்மானியரான பாமன், இருவருமே வினைல் குளோரைடு வாயு வெயில் பட்டால் வெள்ளைத் தூளாகிவிடுவதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். 1913-ல் ஃபிரிட்ஸ் கிளாட்டே என்ற ஜெர்மானியர் காப்புரிமை வாங்கினார். ஆனால் அதை வைத்துப் பணம் பண்ணத் தெரியாமல் அவருடைய நிறுவனம் 1925-ல் உரிமையைக் காலாவதியாக விட்டுவிட்டது. காரணம் எளிது. சுத்தமான பிவிசி விறைப்பானது, உடையக்கூடியது. சூடாக்கினால் உருகும் முன்பே சிதைய ஆரம்பித்துவிடும். யாருக்கு வேண்டும்?

1926-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குட்ரிச் டயர் நிறுவனத்தில் வால்டோ சீமன் என்ற இளம் வேதியியலாளர் ரப்பரை இரும்போடு ஒட்டும் பசையைத் தேடிக்கொண்டிருந்தார். பிவிசியை ஒரு திரவத்தில் போட்டுச் சூடாக்கினார். பசை கிடைக்கவில்லை. ஆறிய பிறகு கிடைத்தது வளையும், துள்ளும், தண்ணீர் புகாத ஒரு கொழகொழப்பு. பிவிசியின் நீளமான சங்கிலி மூலக்கூறுகளுக்கு நடுவே அந்தத் திரவம் புகுந்து, ஒன்றின் மேல் ஒன்று வழுக்க இடம் கொடுத்துவிட்டது. அந்தத் திரவத்துக்கு இன்று பிளாஸ்டிசைசர் என்று பெயர். சீமன் இதைத் துணியில் பூசி எடுத்துக்கொண்டு போய், மேலதிகாரி மேஜையில் இருந்த காகிதங்கள் மேல் விரித்து ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார் என்றொரு கதை உண்டு. காகிதம் நனையவில்லையாம், வேலையும் போகவில்லையாம் :-) மனிதர் நூறு வயது வாழ்ந்து 1999-ல்தான் காலமானார். இதே குட்ரிச்சின் தொழில்நுட்பத்தோடுதான் 1960களில் நம் மேட்டூரில் பிவிசி ஆலை வந்தது.

இரண்டாம் உலகப் போரில் மின்கம்பிகளுக்கு உறையாகப் பெருகிய பிவிசி, போர் முடிந்ததும் காருக்குள் வெள்ளமாக வந்தது. சீட், கதவு, கூரை எல்லாம் வினைல். டேஷ்போர்டுக்கு மட்டும் வேறொரு காரணம் தேவைப்பட்டது, அது உயிர்ச்சேதம். எஃகு டேஷ்போர்டில் மர ரேகை எவ்வளவு அழகாக இருந்தாலும் விபத்தில் முகம் போய் மோதுவது எஃகில்தான். 1965-ல் ரால்ஃப் நாடர் எழுதிய புத்தகம் இதைப் போட்டு உடைத்தது. 1966-ல் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1968-லிருந்து மோதினால் அடி குறையும்படி உட்புறம் இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறையானது. உள்ளே நுரை, மேலே வினைல் தோல் என்று நாம் இன்று காணும் மெத்தை டேஷ்போர்டு உலகெங்கும் பரவியதில் இந்த விதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

மெத்தைக்கும் ஒரு நோய் இருந்தது. சீமன் புகுத்திய அந்தத் திரவம் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். போய் முன் கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலமாகப் படியும். புதுக் காரின் 'வாசனை' என்று நாம் ரசித்து இழுப்பதில் இந்த மாதிரிச் சமாச்சாரங்களும் அடக்கம். திரவம் போகப் போக வினைல் பழைய விறைப்புக்குத் திரும்பி வெடிக்கும். வெடித்த டேஷ்போர்டை மறைக்கத்தான் பலர் முதலில் தாள் ஒட்டவே தொடங்குகிறார்கள். வினைலின் குறையை மறைக்க இன்னொரு வினைல்!

இப்போது இனிமையில்லாத பகுதி. கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் குட்ரிச்சின் பிவிசி ஆலை ஒன்று இருந்தது. பிவிசி தயாராகும் பெரிய கொப்பரைகளின் உட்சுவரில் கட்டி கட்டியாகப் படிந்துவிடும். அதற்குள் ஆட்கள் இறங்கிக் கையால் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். உள்ளே வினைல் குளோரைடு வாயு. 1974 ஜனவரியில் அந்த ஆலையின் மூன்று தொழிலாளர்கள் கல்லீரலில் வரும் ஆஞ்சியோசர்கோமா என்ற புற்றுநோயால் இறந்திருப்பதாக நிறுவனம் அறிவித்தது. மிக மிக அரிதான நோய் அது. ஒரே ஆலையில் மூன்று பேர் என்பது தற்செயலாக இருக்க வழியே இல்லை. கவனித்தவர் ஆலையின் மருத்துவர் ஜான் கிரீச். எலிகளுக்கு இந்த வாயுவால் புற்றுநோய் வருவதை இத்தாலியில் மால்டோனி என்ற ஆய்வாளர் அதற்கு முன்பே கண்டிருந்தார். அந்தச் செய்தி 1973-லேயே அமெரிக்க நிறுவனங்களுக்குத் தெரிந்திருந்தும் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு ஜீரணிக்க முடியாத விஷயம். அந்த இடைவெளியில் கொப்பரைக்குள் இறங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். ஹேர் ஸ்ப்ரேயைப் பீய்ச்சும் வாயுவாகக்கூட 1974 வரை வினைல் குளோரைடை அமெரிக்காவில் பயன்படுத்தினார்கள்.

காற்றில் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த வரம்பை ஒரே பங்காக அமெரிக்க அரசு குறைத்தது. தொழிலே அழிந்துவிடும் என்று நிறுவனங்கள் கூக்குரலிட்டன. ஒன்றும் அழியவில்லை. மூடிய கொப்பரைகளும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் முறைகளும் வந்தன, உற்பத்தி வளர்ந்துகொண்டேதான் போனது. கடையில் வாங்கும் தாளில் அந்த வாயு அநேகமாக இருக்காது. ஆபத்து அதைச் செய்தவர்களுக்குத்தான் இருந்தது.

மீண்டும் நம் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருவோம். தானாக ஒட்டும் தாளுக்கு வழி போட்டவர் லாஸ் ஏஞ்சல்ஸின் ஸ்டான்டன் ஏவரி. 1935-ல் உரித்து ஒட்டும் லேபிளைக் கொண்டுவந்தார். 1950களில் அலமாரிக்கும் மேஜைக்கும் ஒட்டும் வினைல் சுருள்கள் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் வீடு வீடாகப் போயின. ஆனால் அலமாரி தட்டையானது. காரின் உள்பட்டிகளோ வளைவும் குழியுமாக இருக்கும். உருளைகளுக்கு நடுவே நசுக்கி எடுத்த மலிவுத் தாள், இழுத்து ஒட்டினாலும் தன் பழைய அளவை மறக்காது. சில வாரங்களில் ஓரம் சுருங்கி எழும்பும். திரவமாக ஊற்றி உலர்த்திய 'காஸ்ட்' தாள் விலை கூடுதல், ஆனால் அதற்கு அந்தப் பிடிவாதம் மிகக் குறைவு. ஒட்டி முடித்ததும் ஓரங்களை இன்னொரு முறை நன்றாகச் சூடாக்கச் சொல்வது, இழுத்த வடிவத்திலேயே தாள் அடங்கிவிடட்டும் என்பதற்காக. பிறகு பசையில் கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால்கள் வெட்டி, காற்று தானே வெளியேறும்படி செய்தார்கள். வீட்டில் ஒட்டுவதைச் சாத்தியமாக்கியது, என்னைக் கேட்டால், இந்த வாய்க்கால்கள்தான்.

முழுக் காருக்கும் தாள் போர்த்தும் வழக்கத்துக்கு ஜெர்மன் டாக்சிகளைச் சொல்வார்கள். தந்த நிறத்தில்தான் டாக்சி இருக்க வேண்டும் என்று அங்கே விதி இருந்தது. அந்த நிறப் பெயின்ட் அடித்த காரைப் பிறகு யார் வாங்குவார்? 1990களில் பெயின்டுக்குப் பதில் தந்த நிற வினைல் வந்தது. டாக்சி ஓய்வு பெறும்போது உரித்தால் உள்ளே கறுப்போ நீலமோ புத்தம் புதிதாக.

மர ரேகையின் இடத்தைக் கார்பன் ஃபைபர் பிடித்தது 1981-ல் மெக்லாரன் பந்தயக் காரின் உடற்கூடு அதில் வந்ததன் பின்விளைவு. எடை குறைக்கக் கண்டுபிடித்த பொருளின் படத்தை நாம் காரில் ஒட்டி எடையைச் சில கிராம் கூட்டிக்கொள்கிறோம்.

ஒட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டியரிங் நடுவிலும் இடப்பக்க டேஷ்போர்டிலும் ஏர்பேக் மூடிகள் இருக்கும். அவற்றின் அடியில் கிழிவதற்கென்றே மெலிதாக்கிய கோடு உண்டு. கண் இமைப்பதற்குள் அது பிளந்தாக வேண்டும். அதன் மேல் மட்டும் எந்தத் தாளும் வேண்டாம்.

டை-நாக் என்ற பெயர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் இப்போது அதைப் பெரும்பாலும் காண்பது ஹோட்டல் கதவுகளிலும் லிஃப்ட் சுவர்களிலும். தட்டிப் பாருங்கள், அடியில் எஃகுச் சத்தம் கேட்கும்.