பன்னிரண்டாவது ஆள்

ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் ஒரு பெரிய கால்நடைப் பண்ணை இருக்கிறது. 1824-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் அதை ஆரம்பித்தது பாலுக்காகவும் முட்டைக்காகவும் அல்ல. பட்டாளத்துக்குக் குதிரை தயார் செய்வதற்காக. குதிரை வாங்குகிறவன் உலகம் முழுவதும் ஒரே மாதிரிதான். முதலில் உயரத்தை அளப்பான். பிறகு வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான். கடைசியாகக் காலைத் தூக்கிக் குளம்பைத் தட்டுவான். விலை முடிந்துவிடும். பத்துக் குதிரைகளோடு சேர்த்து ஓடவிட்டால் அது என்ன செய்யும் என்பது சந்தையில் தெரியாத சமாசாரம்.

குதிரையைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள், ஏதாவது ஒரு கல்லூரியில் அணிக்கு ஆள் பொறுக்குகிற நாளில் போய் நின்று பார்க்கட்டும். பல்லைத்தான் பார்ப்பதில்லை.

இந்த ஆட்டம் பிறந்தபோது ஆள் பொறுக்குகிற பேச்சே இல்லை. 1891 டிசம்பரில், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற கனடாக்காரர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். வெளியே குளிர்காலம். உள்ளே அடைபட்ட மாணவர்கள் கசரத்து செய்து அலுத்துப்போனார்கள். அவர் பதின்மூன்று விதிகளை எழுதி, பீச் பழக்கூடை இரண்டைப் பத்தடி உயரத்தில் மாட்டினார். வகுப்பில் பதினெட்டுப் பேர். பக்கத்துக்கு ஒன்பது பேர். ஜப்பானிலிருந்து வந்திருந்த இஷிகாவாவும் அதில் ஒருவர். நெட்டை, குட்டை, தடியன், ஒல்லி எல்லோரும் ஆடினார்கள். ஒரே ஒரு கூடைதான் விழுந்தது. பக்கத்துக்கு ஐந்து பேர் என்ற கணக்கு 1897-வாக்கில் நிலைத்தது. அன்றைக்கே வம்பும் பிறந்தது. ஐந்து பேர் என்றால் ஆறாவது ஆளை உட்காரவைக்க வேண்டுமே! எவனை?

பிற்பாடு நெய்ஸ்மித் கான்ஸாஸ் சர்வகலாசாலையில் பயிற்சியாளராக இருந்தார். ஜயித்தவை 55, தோற்றவை 60. ஆட்டத்தைப் படைத்தவரே நஷ்டக் கணக்கில் முடிந்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆள் பொறுக்குவதில் அவருக்கு மோகம் இருந்ததாகத் தெரியவில்லை.

நம் ஊருக்கு இந்த ஆட்டத்தை வேரூன்றச் செய்தவர்களில் முக்கியமானவர் ஹாரி குரோ பக். அவரும் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியை ஆரம்பித்தார். 1943-இல் இங்கேயே காலமானார். அங்கே படித்தவர்கள் டிரில் மாஸ்டர்களாக மாகாணமெங்கும் பரவினார்கள். எந்தப் பள்ளிக்கூடத்து மண் மைதானத்திலாவது துருப்பிடித்த வளையம் ஒன்று கம்பத்தில் தொங்கினால், அதன் வம்சாவளியில் எங்கேயாவது பக் துரை இருப்பார்.

ஆட்டம் பரவிய வேகத்தில் கணக்கு வளரவில்லை. யார் எத்தனை புள்ளி போட்டான் என்பதே கணக்கு. நம் சடுகுடுவிலும் அப்படித்தானே? பாடிப் போகிறவனுக்குக் கைதட்டல். அவன் கணுக்காலைப் பிடித்து மண்ணில் புரள்கிறவனுக்குச் சிராய்ப்பு. மேளக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவர் பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் யாராவது போட்டிருக்கிறார்களா?

இதில் மாட்டிக்கொண்டவர்களில் பெரியவர் பில் ரஸ்ஸல். ஓக்லண்டு நகரத்தில் பள்ளிப் பையனாக இருந்தபோது இளையோர் அணியில் அவர் பதினாறாவது ஆள். இருந்தவை பதினைந்து சட்டைகள். அந்தப் பதினைந்தாவது சட்டையை அவரும் இன்னொரு பையனும் முறை வைத்துப் போட்டுக்கொண்டார்கள். ஜார்ஜ் பவுல்ஸ் என்ற பயிற்சியாளர் அவரை வெளியே தள்ளாமல் வைத்திருந்தார். பின்னால் ஒரே ஒரு கல்லூரிதான் உபகாரச் சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டது. அந்த ஸான் ஃபிரான்ஸிஸ்கோ சர்வகலாசாலை 1955, 1956 இரண்டு வருஷமும் தேசியப் பட்டம் வென்றது. பிறகு பாஸ்டன் அணியில் 13 வருஷங்களில் 11 பட்டங்கள். எதிராளி எறிகிற பந்தை ஆகாயத்திலேயே மறிப்பதுதான் அவருடைய வித்தை. எத்தனை பந்தை மறித்தார்? கணக்கில்லை! தொழில்முறை ஆட்டத்தில் அதை எண்ண ஆரம்பித்தது 1973-இல். கல்லூரி ஆட்டங்களில் முறையாக எண்ணியது 1985-இலிருந்து. எண்ணாத ஒன்றால் அவர் ஜயித்துக்கொண்டே இருந்தார்.

எண்ண வேண்டியது எது என்று யோசித்த ஒருவர் டீன் ஸ்மித். நெய்ஸ்மித்தின் சீடர் ஃபாக் ஆலன். ஆலனிடம் ஆடியவர் ஸ்மித். ஆக மூன்றாந் தலைமுறை. வட கரோலினாவில் 1961 முதல் 1997 வரை பயிற்சியாளராக இருந்து 879 ஆட்டங்களில் ஜயித்தார். கூடை போட்டவன், பந்தைக் கொடுத்தவனை நோக்கி விரலை நீட்டிக் காட்ட வேண்டும் என்பது அவர் பழக்கிய மரியாதை. இன்னொன்று கணக்கு. பந்து நம் கைக்கு ஒரு தடவை வந்தால் அதற்கு எத்தனை புள்ளி கிடைத்தது என்று பார்க்கச் சொன்னார். ஒரு பையன் இருபது புள்ளி போடுகிறான். அதற்கு இருபத்துநாலு தடவை பந்தைச் செலவழிக்கிறான். இன்னொருவன் ஒன்பதுதான், ஆனால் எட்டே தடவையில். வீட்டுச் செலவு பார்க்கிற பெண்களுக்கு இதில் யார் ஊதாரி என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்கும் மேலே ஒரு கணக்கு உண்டு. ஒருவன் உள்ளே இருந்த நேரத்தில் அணி எத்தனை புள்ளி ஏறியது, எத்தனை இறங்கியது என்று மட்டும் பார்ப்பது. 2009-இல் மைக்கேல் லூயிஸ் என்ற எழுத்தாளர் இந்த முறையால் தெரியவந்த ஷேன் பேட்டியே என்பவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். டியூக் கல்லூரியோடு 2001-இல் பட்டம் வென்றவர். அவர் பெயருக்கு நேரே எண்கள் சாதாரணம். அவர் உள்ளே இருந்தால் அணி ஜயிக்கும். எழுத்தாளர்களுக்கு இப்படிப்பட்ட பாத்திரத்தின் மேல் ஒரு சபலம் உண்டு. நாவலில் கதாநாயகனைவிட அவனுக்குக் காப்பி கொண்டுவருகிறவன் சில சமயம் நன்றாக அமைந்துவிடுவான்.

உயரத்தின் கதி என்ன என்றால், அதுவும் வேண்டியதுதான். ஏழடி இரண்டங்குலம் வளர்ந்த பஞ்சாப் கிராமத்துப் பையன் ஸத்னாம் சிங்கை 2015-இல் டல்லாஸ் அணி 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆட்டத்துக்கு அப்படித் தேர்வான முதல் இந்தியர். ஆனால் அந்த அணிக்காக முறையான லீக் பந்தயம் ஒன்றிலும் அவர் களம் இறங்கவில்லை.

ஓசூர்க் கல்லூரி ஒன்றில் சென்ற வருஷம் ஆள் பொறுக்கியதைப் பார்த்தேன். சிப்காட் தொழிற்பேட்டை 1970-களில் வந்த பிறகு எங்கெங்கிருந்தோ ஜனங்கள் குடியேறிய ஊர், போதாக்குறைக்கு எல்லைப்புறம். அணியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கின. பதினோரு பேர் முடிவாகிவிட்டார்கள். பன்னிரண்டாவது இடத்துக்கு இரண்டு பேர். ஒருவன் ஆறடி மூன்றங்குலம். கூடைக்கு அடியில் நின்றால் பந்து தானாக வந்து கையில் விழும். மற்றவன் தளிப் பக்கத்துக் குள்ளன். அவன் எட்டு ஆட்டங்களிலும் சேர்த்துப் போட்ட கூடைகளை ஒரு கை விரல்களில் எண்ணலாம். ஆனால் வாய் ஓயாது. "பின்னால ஆள் வர்றான்" என்பதை எவனுக்கு எந்த பாஷையில் சொன்னால் உறைக்குமோ அதில் கத்துவான். மாஸ்டர் ஒரு நாற்பது பக்க நோட்டில், அவன் உள்ளே போன நேரத்துப் புள்ளியையும் வெளியே வந்த நேரத்துப் புள்ளியையும் எழுதி வைத்திருந்தார். அவன் இருக்கும்போதெல்லாம் அணி ஏறியிருந்தது. நெட்டைப் பையன் இருக்கும்போது இறங்கியிருந்தது.

குள்ளனையே எடுத்தார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

இதை வெறும் விளையாட்டு என்று நினைக்கவேண்டாம். அணியில் பெயர் இருந்தால் விடுதிக் கட்டணத்தில் சலுகை. போட்டிக்குப் போனால் சான்றிதழ். அரசாங்க உத்தியோகத்தில் விளையாட்டு வீரர்களுக்கு நூற்றுக்கு மூன்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த வாசலுக்குப் போகிற முதல் படி இந்தப் பன்னிரண்டு பெயர்தான்.

மறுநாள் நெட்டைப் பையனின் தகப்பனார் வந்தார். தொழிற்சாலையில் சாமான் சோதிக்கிற பிரிவில் வேலை; இரண்டாவது ஷிப்டுக்குப் போகிற வழியில் சீருடையோடு வந்திருந்தார். சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை. மாஸ்டர் நோட்டைப் பிரித்துக் காட்டினார். அவர் ஒவ்வொரு பக்கமாக நிதானமாகப் பார்த்தார்.

"எத்தனை மேட்சுங்க சார் இது?"

"எட்டு."

"எட்டு உருப்படியைப் பார்த்துட்டு ஒரு லாட்டையே வேணாம்னு நான் ஒதுக்கினா, எங்க கம்பெனியில என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க சார். அதுவும் இவன் உள்ள இருந்தப்ப கூட இருந்த நாலு பேர் யாரு? எதிர்ல யாரு? அது எழுதலையே."

மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பட்டியல் பலகையில் ஒட்டியாகிவிட்டது. அதை அவர் மாற்றவில்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"உட்காருங்க. ஒரு லாட்டுக்கு நீங்க எத்தனை உருப்படி பார்ப்பீங்க?"

ஷிப்டு வண்டி ஹாரன் அடிக்கும்வரை இரண்டு பேரும் அந்த நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.