சில்ப அபிமானி

இலங்கையின் மரபுக் கைப்பணிகளை ஊக்குவிக்கும் போட்டியும் கண்காட்சியும். 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய அருங்கலைகள் பேரவை இதை நடத்துகிறது. ஆக்கங்கள் முதலில் மாகாண மட்டத்தில் மதிப்பிடப்படும். தேர்வானவை தேசிய மட்டத்தில் ஜனாதிபதி விருதுக்குப் போட்டியிடும். திருகோணமலை மாவட்டக் கைவினைஞர்கள் கிழக்கு மாகாணப் பிரிவில் பங்குபற்றுவர்.

போட்டியால் ஊக்கம்பெறும் மரபுகளுள் பனையோலை வேலையும் ஒன்று. குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஒரே அகலத்தில் வார்ந்து, நிறம் வேண்டின் சாயத்தில் அவித்து, பெட்டி, பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி முதலியன இழைப்பர். முரட்டு வேலைக்குக் குருத்துக்கு அடுத்த சார்வோலை பயன்படும். கடகம் எனும் பெரிய ஓலைக்கூடையின் விளிம்பு நாரால் பொத்தப்படும். பிளாஸ்டிக் பொருள்கள் பெருகியதால் இவற்றின் வீட்டுப் பயன்பாடு குறைந்தது. விருது கைவினைஞருக்குப் பெயர் தேடித்தரும். ஆனால் தொழில் நிலைக்க நிலையான சந்தையும் வேண்டும்.