பழகிய நெருப்பு

காவிரி பாயும் தஞ்சை நாட்டில் தென்னங்கீற்றுக்கு இல்லாத இடம் இல்லை. குடிசைக்குக் கூரையும் அதுவே. திருமணத்திற்குப் பந்தலும் அதுவே. திருவிழாவிற்கு நிழலும் அதுவே. காய்ந்த கீற்று நெருப்பைக் கண்டால் நொடியில் பற்றிக்கொள்ளும் என்பதை இந்நாட்டார் பிறர் சொல்லி அறிய வேண்டியதில்லை. வைக்கோற் போரை வீட்டை விட்டு எட்டப் போடுவதும், தணலை நீர் தெளித்து அணைத்த பின்னரே சாம்பலைக் கொட்டுவதும் இவர்கள் வழிவழியாகக் கற்ற பாடங்கள். அங்ஙனமிருந்தும், 1997க்கும் 2004க்கும் இடையே இக்காவிரிக்கரையில் மூன்று பெருந் தீவிபத்துக்கள் நேர்ந்தன. மூன்றிலும் பற்றி எரிந்தது கீற்றே.

முதலாவது, தஞ்சைப் பெரிய கோயிலில். இராசராச சோழன் எழுப்பி 1010இல் நிறைவுற்ற அக்கோயிலில் குடமுழுக்கு நடைபெறவிருந்தது. அதற்கெனக் கீற்றால் வேய்ந்த யாகசாலை, 1997 ஜூன் 7 அன்று தீப்பற்றியது. நெருப்பிலும் நெரிசலிலும் சிக்கி 40க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கல்லாலான கோயில் நின்றது. அதன் முற்றத்திலே சில நாளைக்கென்று போட்ட பந்தல் உயிர்களைக் கொண்டு சென்றது.

அடுத்தது திருவரங்கம். 2004 சனவரி 23 அன்று, திருமண மண்டபம் ஒன்றின் மாடியில் இட்டிருந்த கீற்றுப் பந்தலில் தீப்பிடித்தது. மணமகன் உட்பட 50க்கு மேற்பட்டோர் மாண்டனர். நாடே அச்செய்தியைப் படித்துக் கலங்கிற்று. ஆயினும் ஆறு மாதம் கழியுமுன், அதே ஆண்டு ஜூலை 16 அன்று, கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சமைத்த இடத்திலிருந்து எழுந்த தீ, வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மடிந்தனர்.

இவ்விடங்களில் இருந்தோர் நெருப்புக்குப் புதியவர்களா? வேள்வித் தீ வளர்ப்பது சிலருக்கு வாழ்நாட் பணி. பந்தல் போடுவது சிலருக்குக் குலத்தொழில். அடுப்பு மூட்டுவது சிலருக்கு அன்றாட வேலை. அறியாதவன் ஆழம் தெரியாமல் காலை விடுகிறான். அறிந்தவனோ, நேற்று மூழ்கவில்லை ஆதலால் இன்றும் மூழ்கமாட்டோம் என்று துணிகிறான். பத்துத் திருவிழாக்கள் தீயின்றி முடிந்தால், பந்தல் பத்திரமானது என்று மனம் தீர்ப்பளித்து விடுகிறது. உண்மையில் அப்பத்து முறையும் பொறி விழவில்லை என்பதற்கு மேல் அதில் சான்று ஏதுமில்லை. நீர்த் தொட்டியும் இரண்டாவது வாயிலும் செலவாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. அவை காத்த உயிர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே முதலில் கைவிடப்படுவனவும் அவையே.

கும்பகோணத் துயருக்குப் பின், தமிழகப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. அத்துயரை முன்னிட்டுத் தொடுக்கப்பட்ட வழக்கில், 2009இல் உச்சநீதிமன்றம், கல்வி பெறும் உரிமையில் பாதுகாப்பான பள்ளியைப் பெறும் உரிமையும் அடங்கும் என்று கூறி, நாடெங்கும் பள்ளிகளில் தீத்தடுப்பு ஏற்பாடுகள் வேண்டுமெனப் பணித்தது. அனுபவசாலியின் எச்சரிக்கையை மட்டும் நம்பி இருத்தல் தகாது என்பதே இவ்விதிகளின் உட்பொருள். எச்சரிக்கை மனத்தில் தேய்ந்து போகும். அகலமான படிக்கட்டு தேய்வதில்லை.

கீற்றின்மேல் குற்றம் சொல்வதில் பயனில்லை. இன்றும் அதன் நிழலில் நாம் திருமணம் செய்கிறோம், விழாக் கொண்டாடுகிறோம். பந்தற்கால் நடும் நல்ல நாளில், வெளியேறும் வழி எத்தனை, நீர் எங்கே, அடுப்பு எவ்வளவு தொலைவில் என்று ஒருவர் கேட்பாராயின், அவரைப் பயந்தாங்கொள்ளி என்று எவரும் நகையாதிருப்பாராக. கும்பகோணத்துக் குழந்தைகளுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அது.